நாடக ஆக்கவியலும் டிராமடர்க்கின் பணியும்

நாடக ஆக்கவியல் என்பது ஒரு கதை மேடையில் நிகழும் நாடகமாக எவ்வாறு கட்டப்படுகிறது என்பதை ஆராயும் துறை ஆகும். ஐரோப்பிய மொழிகளில் இது டிராமடர்ஜி எனப்படும். எதை முதலில் சொல்வது, எதைக் கடைசிவரை மறைத்து வைப்பது, எங்கே பாட்டு வேண்டும், எங்கே பேச்சு போதும், எதை வெட்டினால் நாடகம் விறுவிறுப்பாகும், எதை வெட்டினால் நாடகமே இல்லாமற் போகும் என்பன இத்துறையின் கேள்விகள். ஒரு நாடகக் குழுவில் இக்கேள்விகளைக் கேட்பதையே தம் வேலையாகக் கொண்டவர் டிராமடர்க்.

தமிழில் இப்பதவிக்கு நிலைத்த பெயர் ஒன்று அமையவில்லை. ஆனால் அந்த வேலை தமிழகத்தில் நெடுங்காலமாக நடந்து வருகிறது. பழைய செங்கல்பட்டு மாவட்டத்திலும் மாமல்லபுரக் கடற்கரையை ஒட்டிய ஊர்களிலும் அதற்கு நல்ல சான்றுகள் உண்டு. எனவே இக்கட்டுரை பெரும்பாலும் அப்பகுதியின் நாடகங்களைக் கொண்டே இக்கருத்தை விளக்குகிறது.

சொல்லின் பிறப்பு

கிரேக்கத்தில் ‘டிராமா’ என்றால் செயல். ‘எர்கோன்’ என்றால் வேலை. செயலைக் கொண்டு வேலை செய்பவர், அதாவது நாடகத்தைச் சமைப்பவர் என்பது மூலப்பொருள். தொடக்கத்தில் நாடகாசிரியரையே இச்சொல் குறித்தது.

தனிப் பதவியாக இது அறியப்பட்டது ஜெர்மனியில். 1767இல் ஹாம்பர்க் நகரில் தேசிய நாடக அரங்கு ஒன்று தொடங்கப்பட்டபோது, நாடகாசிரியரும் திறனாய்வாளருமான லெஸ்ஸிங் அங்கே அமர்த்தப்பட்டார். அரங்கில் மேடையேறும் நாடகங்களைப் பற்றித் தொடர்ந்து எழுதுவது அவர் பணி. அவ்வாறு எழுதிய 104 கட்டுரைகள் ‘ஹாம்பர்க் டிராமடர்ஜி’ என்ற பெயரில் 1767 முதல் 1769 வரை வெளிவந்தன. முதலில் நடிகர்களின் நடிப்பையும் அவர் எடைபோட்டு எழுதினார். நடிகர்கள் மனம் புண்பட்டதால் அதை நிறுத்திக்கொண்டு நாடகப் பிரதிகளைப் பற்றி மட்டும் எழுதலானார். குழுவுக்குள் இருந்துகொண்டே குழுவை விமரிசிப்பவரின் சங்கடம் இப்பதவியோடு கூடவே பிறந்தது என்று சொல்லலாம்.

பின்னாளில் பெரும்புகழ் பெற்ற பிரெக்ட், 1920களில் பெர்லினில் மாக்ஸ் ரைன்ஹார்ட்டின் அரங்கில் டிராமடர்க்காக வேலை பார்த்தவர். இங்கிலாந்தின் தேசிய நாடக அரங்கு 1963இல் திறனாய்வாளர் கென்னத் டைனனை இதையொத்த பொறுப்பில் அமர்த்தியது. ஆங்கிலேயர்கள் அதற்கு இலக்கிய மேலாளர் என்று பெயரிட்டார்கள்.

நாடகாசிரியர், இயக்குநர், டிராமடர்க்

நாடகாசிரியர் பிரதியை எழுதுகிறார். இயக்குநர் அதை மேடையில் நிகழ்த்துகிறார். இருவருக்கும் தங்கள் ஆக்கத்தின்மீது பற்று உண்டு, அது இயல்பு. டிராமடர்க் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து, இன்னும் வந்து சேராத பார்வையாளரின் சார்பில் பேசுகிறார். “இந்த அரசன் ஏன் கோபப்படுகிறான் என்று மூன்றாம் காட்சி வரை யாருக்கும் தெரியாதே, அது பரவாயில்லையா?” என்பது போன்ற எளிய கேள்விகள்தாம் அவருடைய கருவி. இறுதி முடிவு இயக்குநருடையது.

நாடகத்தைத் தேர்ந்தெடுத்தல், வெவ்வேறு பதிப்புகளையும் மொழிபெயர்ப்புகளையும் ஒப்பிடல், கதை நிகழும் காலத்தைப் பற்றிய செய்திகளைத் திரட்டல், நீளமான பிரதியைச் சுருக்கல், ஒத்திகைகளைப் பார்த்துக் குறிப்பு எழுதல், பார்வையாளர் கையில் தரும் சிற்றேட்டை எழுதல் ஆகியன நடைமுறையில் அவர் செய்பவை. பள்ளி ஆண்டுவிழாவுக்காகப் பாடநூல் நாடகம் ஒன்றை இருபது நிமிடத்துக்குள் அடக்கப் பாடுபட்ட ஆசிரியர் எவரும் இந்த வேலையில் பாதியைச் செய்து பார்த்தவரே.

மத்தவிலாசம்: ஓர் எடுத்துக்காட்டு

இனி ஒரு நாடகத்தை எடுத்துக்கொண்டு பார்ப்போம். பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் கி.பி. 7ஆம் நூற்றாண்டின் தொடக்கப் பகுதியில் எழுதிய சமஸ்கிருத நகைச்சுவை நாடகம் ‘மத்தவிலாசப் பிரகசனம்’. செங்கல்பட்டை அடுத்த வல்லம் குடைவரைக் கோயிலின் தமிழ்க் கல்வெட்டில் இம்மன்னனின் பட்டப்பெயர்களைக் காணலாம். நாடகத்தின் பெயரோ மாமண்டூர்க் குடைவரைக் கல்வெட்டில் வருகிறது. (செங்கல்பட்டுக்குத் தெற்கே ஜி.எஸ்.டி. சாலையில் பேருந்துகள் நிற்கும் மாமண்டூர் அல்ல இது. காஞ்சிபுரத்துக்குத் தெற்கே, தூசியை ஒட்டியுள்ள மாமண்டூர்.) பிரதி 1917இல் திருவனந்தபுரத்தில் கணபதி சாஸ்திரியால் அச்சேறியது. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பணியாற்றிய மைக்கேல் லாக்வுட்டும் விஷ்ணு பட்டும் இதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துள்ளனர்.

கதை சிறியது. காஞ்சியில் சத்தியசோமன் என்ற கபாலியும் அவன் துணைவி தேவசோமையும் குடிபோதையில் தள்ளாடி வருகிறார்கள். கபாலியின் கையிலிருந்த மண்டையோட்டுப் பிச்சைப் பாத்திரம் காணாமற் போகிறது. அதில் வறுத்த இறைச்சி இருந்தது. ஆகையால் நாய் தூக்கியிருக்கலாம், அல்லது பௌத்தத் துறவி எடுத்திருக்கலாம் என்று அவன் முடிவு கட்டுகிறான். வழியில் போன நாகசேனன் என்ற துறவியைப் பிடித்துக்கொள்கிறான். பாசுபதன் ஒருவன் நடுவராக வருகிறான். வழக்கு வளர்கிறது. கடைசியில் நாயிடமிருந்து ஓட்டைப் பிடுங்கிய பித்தன் ஒருவன் அதைக் கொண்டுவந்து சேர்க்கிறான்.

இதை இன்று மாமல்லபுரத்தில் ஒரு திறந்தவெளி மேடையில் தமிழில் நடிக்க ஒரு குழு விரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். அக்குழுவின் டிராமடர்க் என்ன செய்வார்?

முதலில் மொழி. மூலத்தில் எல்லோரும் ஒரே மொழி பேசுவதில்லை. கபாலியும் பாசுபதனும் சமஸ்கிருதம் பேச, தேவசோமையும் பௌத்தத் துறவியும் பித்தனும் பிராகிருதம் பேசுகிறார்கள். எல்லோரையும் ஒரே செந்தமிழில் பேசவைத்தால் நகைச்சுவையில் ஒரு பங்கு போய்விடும். குடிகாரன் மட்டும் இலக்கணம் பிசகாத உயர்தமிழில் தத்துவம் பேசுகிறான், தெளிவாக இருக்கும் மற்றவர்கள் வட்டார வழக்கில் பதில் சொல்கிறார்கள் என்று அமைத்தால் மூலத்தின் சுவை ஓரளவு திரும்பிவரும். இது ஒரு யோசனைதான்; வேறு வழியும் இருக்கலாம்.

அடுத்தது கேலியின் இலக்கு. நாடகத்தில் பௌத்தத் துறவி, மதுவையும் மாதரையும் அனுமதிக்கும் மூலநூல் எங்கோ இருந்திருக்க வேண்டும், முதிய துறவிகள் அதை ஒளித்து வைத்துவிட்டார்கள் என்று எண்ணிக்கொள்கிறான். அன்றைய காஞ்சியில் கபாலிகர், பௌத்தர், பாசுபதர் மூவரும் தெருவில் எதிர்ப்படுகிற மனிதர்கள். பார்த்தவர்களுக்கு யாரைச் சொல்கிறார்கள் என்று தெரியும். இன்றைய பார்வையாளருக்குக் கபாலிகர் யாரென்றே தெரியாது. விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தால் சிரிப்பு வராது. விளக்காமல் விட்டால், ஒரு குறிப்பிட்ட சமயத்தாரை மட்டும் இழிவுசெய்வதாகவும் தோன்றக்கூடும். மன்னன் மூவரையும் சேர்த்தே கேலி செய்தான் என்பது காட்சியின் எடையிலேயே தெரிய வேண்டும். ஆகவே பௌத்தத் துறவியின் காட்சியைச் சுருக்காமல் வைத்து, கபாலியின் பேச்சைச் சுருக்கினால் தராசு சாய்ந்துவிடும் என்று டிராமடர்க் எச்சரிப்பார். வெட்டுவது வெறும் நேரக்கணக்கு ஆகாமல் பொருளையே மாற்றிவிடும் இடம் இது.

இதே பிரதிக்குக் கேரளத்தில் வேறொரு வாழ்வு கிடைத்தது. அங்கே சாக்கியார்கள் கூடியாட்ட முறையில் மத்தவிலாசத்தைக் கோயில் நேர்த்திக்கடனாக நடித்துவந்தனர். பிள்ளைவரம் வேண்டுவோர் இதை நடத்திவைப்பதுண்டு. காஞ்சித் தெருவின் கேலி நாடகம் கோயில் வழிபாடாக மாறியது எழுத்தின் வேலை அல்ல, ஆக்கவியலின் வேலை. எந்தப் பகுதியை விரிப்பது, எதைத் தொடாமல் விடுவது, எந்தச் செய்யுளுக்கு எந்த அபிநயம் என்பதையெல்லாம் எழுதிவைத்த ‘ஆட்டப்பிரகாரம்’, ‘கிரமதீபிகை’ என்னும் கையேடுகள் கூடியாட்டக் கலைஞர்களிடம் உண்டு. டிராமடர்க்கின் குறிப்பேட்டுக்கு இந்தியாவில் இதைவிடப் பழைய, விரிவான முன்மாதிரி கிடைப்பது அரிது.

சிலப்பதிகாரத்தில் வரும் புலவன்

தமிழ் இலக்கியத்திலும் ஒரு சான்று இருக்கிறது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, மாதவியின் அரங்கேற்றத்துக்குத் துணைநின்றவர்களின் தகுதிகளை வரிசையாகச் சொல்கிறது. ஆடலாசிரியன், இசையாசிரியன், தண்ணுமை, குழல், யாழ் ஆசிரியர்கள் என்னும் அந்தப் பட்டியலில் ஒரு புலவனும் இருக்கிறான். அவன் தமிழை முழுதும் அறிந்தவன். வேத்தியல், பொதுவியல் என்னும் இருவகைக் கூத்துக்கும் உரிய நூலைக் கடைப்பிடிப்பவன். இசையாசிரியனின் கருத்தை உணர்ந்து அதற்கேற்பச் சொல்லை அமைப்பவன். மாற்றார் சொல்லக்கூடிய வசையை அறிந்து, தன் சொல்லில் குறை நேராமல் காப்பவன்.

ஆடல் தெரிந்தவர், இசை தெரிந்தவர் எல்லாம் இருக்கும்போது இவன் எதற்கு? அரசனுக்கு ஆடுவதும் பொதுமக்களுக்கு ஆடுவதும் வேறு வேறு என்று அறிந்தவன் குழுவுக்குள் ஒருவன் வேண்டும். எதிர்ப்பேச்சு எங்கிருந்து வரும் என்று முன்கூட்டியே நினைத்துப் பார்ப்பவன் வேண்டும். லெஸ்ஸிங்குக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே இப்படி ஓர் இடம் வகுக்கப்பட்டிருப்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். 1897இல் பரிதிமாற்கலைஞர் எழுதிய ‘நாடகவியல்’ இத்துறைக்கு இலக்கணம் வகுக்க முயன்ற பிற்கால நூல்.

பம்மல் சம்பந்த முதலியாரையும் இங்கே குறிப்பிட வேண்டும். அவர் பெயரோடு ஒட்டிய பம்மல் இன்று செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கிறது. 1891இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கிய அவர், ‘ஹாம்லெட்’டை ‘அமலாதித்யன்’ ஆகவும், ‘வெனிஸ் வணிகன்’ நாடகத்தை ‘வாணிபுர வணிகன்’ ஆகவும் தமிழ் மேடைக்கு மாற்றினார். பெயர்களை மாற்றுவது அதில் எளிய பகுதி.

கூத்தில் யார் இந்த வேலையைச் செய்கிறார்கள்?

செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பகுதிகளில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களில் பகலில் பாரதச் சொற்பொழிவும் இரவில் கூத்தும் நடக்கும். ‘பகடைத் துகில்’, ‘அர்ச்சுனன் தபசு’, ‘கிருஷ்ணன் தூது’, ‘அபிமன்யு வதம்’, ‘கர்ண மோட்சம்’, ‘பதினெட்டாம் போர்’ என்று இரவுக்கு ஒரு நாடகம் விடியவிடிய நிகழும். இதைத் தெருக்கூத்து என்பர். கலைஞர்கள் அணியும் கட்டை அணிகலன்களை வைத்துக் கட்டைக்கூத்து என்றும் சொல்வர்.

இங்கே டிராமடர்க் என்று ஒருவரும் இல்லை. ஆனால் வேலை பங்கிடப்பட்டிருக்கிறது. கூத்து வாத்தியார் பிரதியைக் கையில் வைத்திருப்பவர். எந்த ஊரில் எந்தத் தருவை நீட்டுவது, எதைக் குறைப்பது என்று அறிந்தவர். கட்டியக்காரன் கதைக்கும் ஊருக்கும் நடுவில் நிற்பவன். அத்தினாபுரத்து அரசவையில் நின்றுகொண்டே உள்ளூர்க் கடன், மழை, ரேஷன் கடை என்று பேசிக் கதையைப் பார்வையாளர் மடியில் கொண்டுவந்து வைக்கிறவன் அவன். கோமாளி என்று மட்டும் அவனைக் கருதுவது தவறு. கூத்தை ஏற்பாடு செய்யும் ஊர்ப் பெரியவர்களுக்கும் எந்த நாடகம் எந்த இரவு என்பதில் சொல் உண்டு.

‘அர்ச்சுனன் தபசு’ இதற்கு நல்ல உதாரணம். மாமல்லபுரத்தின் பெரிய பாறைச் சிற்பத்தை மக்கள் அர்ச்சுனன் தபசு என்றே அழைக்கிறார்கள். அது கங்கை பூமிக்கு இறங்கும் காட்சி, தவம் செய்பவன் பகீரதன் என்போரும் உண்டு. ஒற்றைக்காலில் நிற்கும் மெலிந்த தவசியையும் வரம் தரும் சிவனையும் அருகருகே வைத்த சிற்பி, தவம் பலிக்கும் கணத்தைத் தேர்ந்தெடுத்தான். தவப்பூனை ஒன்றையும் அதை நம்பும் எலிகளையும் கீழே செதுக்கிப் பெரிய தவத்துக்குப் பக்கத்திலேயே போலித் தவத்தையும் வைத்தான். கூத்திலோ தேர்ந்தெடுக்கப்படும் கணம் வேறு. நடிகர் உயரமான தபசு மரத்தில் பாடிக்கொண்டே படிப்படியாக ஏறுகிறார். உச்சியிலிருந்து எலுமிச்சம்பழம், விபூதி, பூ ஆகியவற்றைக் கீழே இறைக்கிறார். பிள்ளைவரம் வேண்டும் பெண்கள் அவற்றை ஏந்திக்கொள்கிறார்கள். சிற்பம் வரத்தைக் காட்டுகிறது, கூத்து அந்த வரத்தில் பார்வையாளருக்கும் பங்கு தருகிறது. ஒரே கதையிலிருந்து எந்தக் கணத்தை எடுப்பது, பார்ப்பவரை எங்கே நிறுத்துவது என்பதுதான் ஆக்கவியல்.

சுருக்குவதில் உள்ள சிக்கல்

இக்காலத்தில் கூத்து இரவு முழுவதும் மட்டுமே நடப்பதில்லை. மாமல்லபுரம் நாட்டிய விழா போன்ற மேடைகளிலும் கல்லூரிகளிலும் சபாக்களிலும் நாட்டார் கலைகளுக்கு ஒரு மணி நேரமோ அதைவிடக் குறைவாகவோ ஒதுக்கப்படுகிறது. எட்டு மணி நேரக் கூத்து ஒரு மணி நேரத்துக்குள் வர வேண்டும். டிராமடர்க்கின் தேவை மிகத் தெளிவாகத் தெரிவது இங்கேதான்.

‘கர்ண மோட்சம்’ நாடகத்தை எடுத்துக்கொள்வோம். கர்ணன் பதினேழாம் நாள் போரில் இறக்கிறான். கூத்தில் அவன் போர்க்களத்துக்குப் போகுமுன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெற வருகிறான். வடமொழி மகாபாரதத்தில் இல்லாத இந்தப் பொன்னுருவி, தேரோட்டி வளர்த்தவன் என்று கணவனை இகழ்கிறவள். அவன் குந்தியின் மகன் என்ற உண்மை அவளுக்குத் தெரியவரும் இரவே அவர்கள் சேர்ந்திருக்கும் கடைசி இரவு. பாட்டும் தர்க்கமும் அழுகையுமாக இக்காட்சி நீளும். விறுவிறுப்பான ஆட்டம் இதில் குறைவு.

ஒரு மணி நேரம்தான் என்றதும் பலர் முதலில் தள்ளுவது இதைத்தான். திரைப்பிரவேசம், கிறுகிறுவென்ற சுழற்சி, கர்ணனும் அர்ச்சுனனும் மோதும் போர் ஆகியவை மிஞ்சும். மொழி தெரியாத வெளிநாட்டுப் பயணிக்கும் அது புரியும், கைதட்டலும் கிடைக்கும். ஆனால் போரில் விழுகிற கர்ணன் யார்? பிறப்பைச் சொல்லி வாழ்நாள் முழுதும் இகழப்பட்டவன், தன் வீட்டுக்குள்ளும் அதே இகழ்ச்சியைக் கேட்டவன் என்பது தெரிந்தால்தான் அந்தச் சாவுக்கு எடை. பொன்னுருவியை வெட்டிவிட்டால் மிஞ்சுவது இரண்டு கிரீடங்கள் மோதும் ஆட்டம். நேரம் குறைவென்றால் போரைக் கால்மணி நேரத்துக்குள் அடக்கி விடைபெறும் காட்சிக்கு இடம் விடலாம் என்பது என் கருத்து. கூத்தை முன்பின் பார்க்காதவர்களுக்காக ஆட்டம்தான் முதலில் வேண்டும் என்று வாதிடுவோரும் இருப்பர். முடிவு எதுவானாலும், கடிகாரம் தானாக எடுத்த முடிவாக அது இருக்கக் கூடாது.

‘பகடைத் துகில்’ இன்னும் நுட்பமானது. துகிலுரியும் இடத்தில் ஆட்டம் நின்று திரௌபதி வேடத்துக்குக் கற்பூரம் காட்டப்படும். துச்சாதனன் வேடக்காரர் அம்மனிடம் மன்னிப்பு வேண்டுவார். நாடக விதிப்படி பார்த்தால் இது கதையோட்டத்தை அறுக்கிறது. அரங்க மேடையில் இதை அப்படியே வைப்பதா, எடுத்துவிடுவதா? எடுத்துவிட்டால் ஒரு பெண்ணின் சேலையை இழுப்பது மட்டும் காட்சியாக நிற்கும். கோயிலில் அந்தக் கற்பூரம் வன்முறைக்கு ஒரு வேலி. வெளி மேடையில் அதற்கு ஈடாக என்ன வைப்பது என்று யோசிக்காமல் இக்காட்சியைத் தொடக் கூடாது.

இக்கேள்விகளை நீண்டகாலம் எடுத்துப் பேசியவர்களில் கலைஞர் பெ. ராஜகோபாலும் நெதர்லாந்தைச் சேர்ந்த ஆய்வாளர் ஹன்னா டி புருயினும் முக்கியமானவர்கள். 1990இல் தொடங்கப்பட்ட கட்டைக்கூத்துச் சங்கமும், 2002 முதல் 2020 வரை காஞ்சிபுரத்துக்கு அருகே நடந்த குருகுலமும் இவர்களுடைய உழைப்பில் வளர்ந்தவை. ஆண்களே ஆடிவந்த கூத்தைப் பெண் குழந்தைகளும் அங்கே பயின்றனர். பெண் வேடத்தை ஆண் ஆடும்போதும் ஒரு பெண்ணே ஆடும்போதும் அதே வசனம் வேறு பொருள் தருகிறது. இதுவும் ஆக்கவியல் சார்ந்த செய்திதான். ராஜகோபால் பழைய நாடகங்களைச் செம்மைப்படுத்தியதோடு புதியவற்றையும் எழுதினார். டி புருயின் ‘கர்ண மோட்ச’த்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார், கூத்தின் நெகிழ்வுத்தன்மை பற்றிய அவருடைய ஆய்வு 1999இல் நூலாக வந்தது. ஆடுபவர் ஒருவர், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து எழுதுபவர் ஒருவர் என்ற இந்த இணை, டிராமடர்க் பணிக்குத் தமிழகத்தில் காணும் மிக அருகிய உதாரணம் என்று கொள்ளலாம்.

மாணவர்களுக்கு

இத்துறையைக் கற்க வெளிநாட்டு நூல்கள் கட்டாயம் அல்ல. கூத்து நாடகங்கள் பல மலிவுப் பதிப்புகளாகப் பெரிய எழுத்தில் அச்சாகியுள்ளன. சென்னை இரத்தின நாயகர் அண்டு சன்ஸ் வெளியிட்டவை பழைய புத்தகக் கடைகளில் கிடைக்கும். பங்குனி முதல் ஆடி வரை திரௌபதி அம்மன் கோயில் விழாக்கள் நடக்கும் ஊர்கள் செங்கல்பட்டைச் சுற்றிலும் உள்ளன. அச்சுப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓர் இரவுக் கூத்தை விடியும்வரை பாருங்கள். புத்தகத்தில் இருந்து மேடையில் விடுபட்டது எது, புத்தகத்தில் இல்லாமல் மேடையில் சேர்ந்தது எது, அந்தச் சேர்க்கைக்குப் பார்வையாளர் என்ன செய்தார்கள் என்று நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். காலையில் வேடம் கலைத்துத் தேநீர் குடிக்கும் வாத்தியாரிடம் அந்தக் குறிப்பைக் காட்டிக் காரணம் கேட்டால், பெரும்பாலும் சொல்லித் தருவார்.